சார்ஜ் ஏறாத வண்டி

அக்கா வீட்டு வண்டியில் சார்ஜ் ஏறவில்லை என்று போன் வந்தபோது மீட்டர் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கும் ஒன்று இருந்தது. ஆனால் கழுத்தில் எந்நேரமும் வோல்ட் மீட்டரை மாட்டிக்கொண்டு, சாப்பிடும்போதுகூடக் கழற்றாமல் திரிகிற ஆட்டோ எலக்ட்ரீஷியனை ஊர் வேறு எப்படித்தான் கூப்பிடும்? நாற்பதைத் தாண்டியபின் அவனும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

"மச்சான், மகாராணி பட்டினி கிடக்கறா," என்றார் அத்தான். "இன்ஜின் ஓடுது, முள்ளு மட்டும் அசைய மாட்டேங்குது. கையில இருக்கற வேலையை அப்படியே போட்டுட்டு வா."

மகாராணி என்பது அவருடைய வண்டி. அவர் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்ட கறுப்புக் கார். யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் கோழி அடைக்கப் பயன்பட்டதை வாங்கிவந்து, எலும்பு தெரியக் கழற்றி, மறுபடி உயிர் கொடுத்தவர் அவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆட்களின் தலைக்கு மேலே பாரத்தைத் தூக்கி நிறுத்துகிற வேலையில் ஒரு பெட்டியைக்கூடத் தவறவிட்டதில்லை என்பதை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். அவர் கை பட்ட நாளிலிருந்து வண்டியின் ஸ்டீயரிங்கை வேறு கை பிடித்ததில்லை. மீட்டர் எத்தனையோ முறை அதன் வயிற்றுக்குள் கைவிட்டிருக்கிறான், ஓட்டியது கிடையாது.

"அவசரம் என்ன அத்தான்? சாயங்காலம் வந்தாப் போதாதா?"

"என்னடா தாய்மாமன் நீ? நாளை மறுநாள் பாப்பாவை வீட்டுக்கு அனுப்பறாங்க. பாப்பா பொறந்தப்போ இதே ஆஸ்பத்திரியிலேர்ந்து இதே வண்டியிலதான் கொண்டுவந்தேன். என் பேரனும் இதுலதான் வருவான். அதுக்குள்ள இவளை எழுப்பியாகணும்."

பாப்பாவுக்கு வயது முப்பதை நெருங்குகிறது. நேற்றுத்தான் அவளுக்கே ஒரு பாப்பா பிறந்திருந்தது. புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான், எங்கோ நடுக்கடலில். அதனால் ஆஸ்பத்திரிப் பொறுப்பெல்லாம் அக்காவுடையது. யாரும் சொல்லாமலே அள்ளிக்கொண்ட பொறுப்பெல்லாம் அத்தானுடையது. மீட்டர் சிரித்துக்கொண்டே லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான்.

வீட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே கிரீஸும் பழைய தோல் சீட்டும் கலந்த வாசனை. அத்தான் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு தயாராக நின்றார். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்தவள், ஈரத் தலையோடு ஷெட்டின் வாசலில் வந்து நின்றாள். தம்பி வந்தால் எப்போதும் சாப்பிட்டாயா என்று கேட்பவள், அன்றைக்குக் கேட்கவில்லை. அதை அவன் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய வண்டியில் சார்ஜ் ஏறுவது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இன்ஜின் பெல்ட்டைச் சுற்றும், பெல்ட் டைனமோவைச் சுற்றும், டைனமோ கரண்டைக் கொடுக்கும். அந்தக் கரண்டு நேராக பேட்டரிக்குப் போய்விட முடியாது. நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் கட்டவுட் என்று ஒரு வாசல்காரன். டைனமோவுக்குத் தெம்பு இருந்தால் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்து இணைப்புக் கொடுப்பான். தெம்பு குறைந்தால், பேட்டரியில் இருப்பது திரும்பி ஓடிவிடாதபடி பிரித்துவிடுவான். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று டேஷ்போர்டில் ஒரு முள் சொல்லும். வலப்பக்கம் சாய்ந்தால் வரவு, இடப்பக்கம் சாய்ந்தால் செலவு. பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு, டைனமோ கரண்டு பெட்டி வாசலுக்கு வந்ததும் அணையும்.

மீட்டர் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். இறுக்கம் சரி. டைனமோவின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க அத்தான்" என்றான். இன்ஜின் உறுமியது. கழுத்து மீட்டரில் எண் தாவி ஏறியது.

"டைனமோ கல்லு மாதிரி இருக்கு," என்றான்.

"எனக்குத் தெரியும்," என்றார் அத்தான். "அவளுக்கு வயித்துல கோளாறு இல்ல. மேல எங்கியோ இருக்கு."

பெட்டியின் மூடியைத் திறந்தான். திறந்ததுமே தெரிந்துவிட்டது. டைனமோவிலிருந்து வருகிற சின்ன ஒயர் அதன் இடத்தில் இல்லை. திருகாணிக்குப் பக்கத்தில், தொட்டும் தொடாமல் நின்றது. ஓட்டத்தின் அதிர்வில் ஒயர் கழலுவது உண்டுதான். ஆனால் தானாகத் தளர்கிற திருகாணியின் தலையில் புதுக் கீறல் விழாது. இதில் பளபளவென்று இரண்டு மூன்று கீறல். ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகாத கை, ஏதோ கத்தி முனையை வைத்துத் திருகியிருக்கிறது.

இந்த வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர்.

வீட்டுக்குள் போன் அடித்தது. "மாப்பிள்ளையாத்தான் இருக்கும், கப்பல்லேர்ந்து," என்று அத்தான் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். அவர் தலை மறைந்த மறு நிமிடம் அக்கா பக்கத்தில் வந்துவிட்டாள்.

"நான்தான் கழட்டினேன்," என்றாள். "காய் நறுக்கற கத்தியால."

"என்ன வேலைக்கா இது? உனக்கெப்படித் தெரியும் எந்த ஒயருன்னு?"

"நீதான் ஒரு நாள் காட்டிச் சொன்னே, இந்தச் சின்ன ஒயர் போச்சுன்னா எல்லாம் போச்சுன்னு. டேய், நான் சொல்றதைக் கேளு. அவர் வண்டி ஓட்டக் கூடாது. அவருக்கு அப்பப்போ... எப்படிச் சொல்றது. கண்ணு திறந்திருக்கும். ஆள் இருக்க மாட்டார்."

குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகவேகமாகச் சொன்னாள். போன மாதம் சாப்பாட்டு மேசையில் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். டம்ளர் நிறைந்து, மேசை நிறைந்து, தரையில் ஓடியது. அவர் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்தது. பிறகு நினைவு திரும்பி, யார் தண்ணியைக் கொட்டினது என்று இவளையே அதட்டினார். அடுத்த முறை ஏரிக்கரைச் சாலையில். வண்டி மெல்ல மெல்லக் கரை ஓரத்துக்குப் போனது. இவள் போட்ட கூச்சலில் திரும்பி வந்தவர், காது கிழிய ஏன் கத்துறே என்று வீடு வரும்வரை திட்டினார்.

"டாக்டர்கிட்ட காட்டலியா?"

"இழுத்துக்கிட்டுப் போனேன். இது ஒரு வகை வலிப்புன்னார். மாத்திரை குடுத்தார். சரியாகிற வரைக்கும் வண்டியைத் தொடவே கூடாதுன்னார். இவர் ரெண்டு நாள் டாக்டரைத் திட்டினார், மூணாம் நாள் வண்டியைக் கழுவ ஆரம்பிச்சுட்டார். தனக்கு ஒண்ணும் ஆகலங்கறார்டா. அவருக்கு அது தெரியவே மாட்டேங்குது. பாப்பாவுக்குச் சொல்லல, வயித்துல பிள்ளையோட இருந்தா. இப்போ பச்சை உடம்பு." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஏரிக்கரையில, பொறந்த பிள்ளையை வச்சுக்கிட்டு... வேண்டாம்டா. இதைச் சரிபண்ண முடியாதுன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவார்."

உள்ளே அத்தான் போனை வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா விலகிப் போய்விட்டாள்.

மீட்டருக்கு அதுவரை ஒரு வண்டியைச் சரியாக்கத்தான் தெரியும். கெடுக்கிற வேலை புதிது. அதுவும் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர். கழன்ற ஒயரை அப்படியே விட்டால் அவரே அடுத்த நிமிடம் பார்த்துவிடுவார். அதனால் அதை மாட்டி இறுக்கினான். பிறகு தொழிலில் இருக்கிற ஒரு பழக்கம் கை கொடுத்தது. பெட்டிக்குள் அளவு பார்க்கும்போது கட்டவுட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகி வைப்பார்கள். காகிதம் இருக்கும்வரை முனைகள் சேராது, கரண்டு பேட்டரிக்குப் போகாது. அளவு பார்த்து முடித்ததும் உருவிவிடுவார்கள். மீட்டர் பீடிக் கட்டின் உறையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் செருகினான். உருவவில்லை. மூடியைப் போட்டான்.

இன்ஜின் ஓடியது. முள் இடப்பக்கமே கிடந்தது.

"பெட்டி போயிடுச்சு அத்தான்," என்றான், முகத்தைக் கந்தல் துணியால் துடைத்தபடி. "உள்ள சுருள் வெந்துபோச்சு. இந்த மாடல் பெட்டி இப்போ எங்கியும் இல்ல. வெளியூர்ல சொல்லி வாங்கணும். மாசமாகும்."

அத்தான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். நோயாளியின் நாடி பிடித்த கையை எடுக்க மனமில்லாதவர் மாதிரி அந்தக் கண்ணாடியைக் கட்டைவிரலால் தடவினார். மீட்டருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. டாக்ஸிக்குத் தானே ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அக்கா அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள், அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியதாகப் பின்னால் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் அவன் பட்டறை வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அந்த ஹாரனை ஊரில் தெரியாதவர் கிடையாது, தவளை தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். மகாராணி புகை கக்கிக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியே அத்தான் இரண்டு விரல்களை நீட்டினார். விரல்களுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம்.

"என்ன மீட்டரு," என்றார் வாய் கொள்ளாத சிரிப்போடு, "பெட்டி வெந்துபோச்சா? மாசமாகுமா?"

மீட்டர் கையைத் துடைத்துக்கொண்டே வண்டிக்குப் பக்கத்தில் வந்தான்.

"ராத்திரி முழுக்க யோசிச்சேன்டா. முள்ளு ஏறல, சரி. ஆனா இன்ஜின் வேகம் புடிச்சா சிவப்பு விளக்கு அணையுதே! டைனமோ கரண்டு பெட்டி வாசல் வரைக்கும் வந்தாத்தானே அது அணையும்? அப்போ பெட்டி வேகல. வாசல்ல எதுவோ அடைச்சுக்கிட்டு நிக்குது. திறந்து பார்த்தா, பீடிக் கட்டு உறை!" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பேப்பரை உருவ மறந்துட்டு, பெட்டியைக் குத்தம் சொல்லிட்டியே! இதை மட்டும் நான் ஊருக்குள்ள சொன்னேன்னு வை, உன் கழுத்துல இருக்கறதைக் கழட்டிட வேண்டியதுதான்."

சிவப்பு விளக்கை மீட்டர் மறந்தே போயிருந்தான். பொய் சொல்லிப் பழகாதவன் செய்கிற தப்பு அது. மறதி என்று அவர் நம்பிவிட்டதால் அக்கா தப்பித்தாள். அந்தக் கேலியை அவன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டான். பக்கத்துக் கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏறு," என்றார் அத்தான். "நாளைக்குக் காலையில போற வழியை இன்னிக்கே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம். நீ முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே வா."

"நான் ஓட்டறேன் அத்தான். நீங்க பாருங்க."

"நல்லா இருக்கே! பேப்பர் எடுக்க மறந்தவன்கிட்ட ஸ்டீயரிங்கைக் குடுக்கறதா?"

அவரைத் தனியாகப் போகவிடுவதா, கூடப் போவதா? மீட்டர் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஊரைத் தாண்டியதும் ஏரிக்கரைச் சாலை. ஆஸ்பத்திரி ஏரியின் அந்தப் பக்கம். ஒரு புறம் தண்ணீர், மறுபுறம் சரிவு, நடுவே இரண்டு வண்டி ஒதுங்கிக்கொள்கிற அகலத்தில் தார். நல்ல வெயில். தண்ணீர் அசையாமல் கிடந்தது. முள் வலப்பக்கம் அழகாகச் சாய்ந்து நின்றது. அத்தான் ஹெட்லைட்டைப் போட்டார். முள் கொஞ்சம் தடுமாறி, மறுபடி எழுந்தது.

"எவ்வளவு?"

"எட்டு."

"பார்த்தியா! லைட்டு எரியறப்பவும் எட்டு. இந்தக் காலத்து வண்டி எதாவது இப்படி ஓடுமாடா? நாளைக்குப் பேரன் கண்ணு முழிச்சுப் பார்க்கறப்போ முதல்ல இந்த முள்ளைத்தான் காட்டப் போறேன். அப்புறம் இந்த பெல்ட்டை மட்டும் ஒரு..."

மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாக்கியத்தின் மிச்சம் வரவில்லை. பெல்ட்டைப் பற்றித்தான் ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்தான். இன்ஜின் சத்தம் மெல்ல உயர்ந்தது. முள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"அத்தான்?"

நிமிர்ந்தான். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நன்றாகத் திறந்திருந்தது. வாய் எதையோ சப்புக்கொட்டி மென்றது. இடது கை ஸ்டீயரிங்கின் மேல் எதையோ தேடுகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தது. முன்னால் சாலை இடப்பக்கம் வளைந்தது. வண்டி வளையவில்லை.

"அத்தான்!"

மீட்டர் ஸ்டீயரிங்கைப் பாய்ந்து பிடித்து இழுத்தான். அசையவில்லை. அவருடைய வலது கை இரும்பாக இறுகியிருந்தது. டயர் தாரைவிட்டுப் புல்லில் இறங்கியது. அவன் சாவியைத் திருப்பினான், ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான். வண்டி குலுங்கிக் குலுங்கி, முன்பக்கம் தாழ்ந்து, ஏதோ கல்லில் முட்டி நின்றது. கண்ணாடிக்கு வெளியே தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

பக்கத்தில் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அத்தான் கண்ணைச் சிமிட்டினார். சுற்றிலும் பார்த்தார்.

"ஏன்டா நின்னுடுச்சு?" என்றார். "ஒயர் எதாவது லூசா விட்டியா?"

அந்தக் கேள்விதான் மீட்டரைக் கலங்கடித்தது. இவ்வளவு நேரம் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை, வீம்பு பிடிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை உண்மையாகவே எதுவும் நடக்கவில்லை.

"ஒயர் எதுவும் கழலல. நான்தான் நிறுத்தினேன். அத்தான், நீங்க கொஞ்ச நேரம் இங்க இல்ல."

"உங்க அக்கா சொல்லிக் குடுத்தாளா?"

"இறங்கிப் பாருங்க."

இறங்கினார். முன் சக்கரம் கரையின் விளிம்பில் ஒரு கல்லை அணைத்துக்கொண்டு நின்றது. அதைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். சாலை வளைகிற இடத்தில் டயர் தடம் வளையாமல், புல்லை இரண்டு கோடாக நசுக்கிக்கொண்டு நேராக வந்திருந்தது. பிரேக் பிடித்த தேய்ப்பு கடைசியில்தான் இருந்தது. மனிதர்கள் சொன்ன எதையும் நம்பாதவர், அந்தத் தடத்தை நம்பினார். அதன் மேலேயே சாலை வரை நடந்து போனார், திரும்பி வந்தார். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

"ரொம்ப நேரமா?" என்று கேட்டார்.

"ரொம்ப நேரம் இல்ல. ஆனா போதும்."

அத்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, மீட்டர் தன் வாழ்நாளில் கேட்டிராத ஒரு குரலில் பேசினார். "மச்சான், உங்க அக்காகிட்ட சொல்லாதே. நாளைக்கு ஒரே ஒரு தடவை. மெதுவாப் போறேன், நடக்கற வேகத்துல. பிள்ளையைக் கொண்டுவந்து வீட்டுல இறக்கிட்டா, சாவியை உன் கையில குடுத்துடறேன். அப்புறம் இவளைத் தொட்டா ஏன்னு கேளு. இந்த ஒரு தடவை மட்டும் விட்டுடுடா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் யாரிடமும் கெஞ்சாத மனிதர் கெஞ்சும்போது, எதிரில் நிற்பவனுக்கு எப்படியாவது அதை நிறுத்தினால் போதும் என்று ஆகிவிடுகிறது. "சரி அத்தான்," என்றான் மீட்டர். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை. காலையில் முதல் ஆளாகப் போய் வண்டியில் எதையாவது கழற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

காலையில் அவன் போனபோது ஷெட் கதவு திறந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் துவைத்த விரிப்பும் ஒரு சின்னத் தலையணையும். எதையும் கழற்ற இடமில்லை. மீட்டர் முன் சீட்டில் ஏறி, வலது கையைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"மாத்திரை போட்டுக்கிட்டேன்," என்றார் அத்தான். "ரெண்டா."

ஏரிக்கரையில் நத்தை மாதிரி ஊர்ந்தார்கள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து அலுத்து ஒதுங்கிப் போனது. மீட்டர் இந்த முறை முள்ளைப் பார்க்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டால் இவன் கை சாவியைத் தொட்டது. எச்சில் விழுங்கினால் இவன் கால் தரையை உந்தியது. அவர் பேச்சை நிறுத்தக் கூடாது என்பதற்காக என்னென்னவோ கேட்டுக்கொண்டே வந்தான். அவருக்கும் அது தெரிந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். நேற்று நின்ற இடத்தில் புல் இன்னும் நிமிரவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் மோசம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது அத்தானின் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பிவிட்டிருந்தது. "பார்த்தியா?" என்றார். போன வழியில் ஒன்றும் ஆகாததால் வரும் வழியிலும் ஆகாது என்று அந்த முகம் முடிவு செய்திருந்தது. நாளைக்கும் ஆகாது, அதற்கு மறுநாளும் ஆகாது. சாவி தன் கைக்கு வரப்போவதில்லை என்று மீட்டருக்கு அப்போது தெரிந்தது.

அக்கா ஒரு கையில் பையும் மறு கையில் ஃபிளாஸ்க்குமாக வெளியே வந்தாள். டாக்ஸியை எதிர்பார்த்து வந்தவள், கறுப்பு வண்டியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். தம்பியைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பாப்பா, மெல்ல அடியெடுத்து, தோளில் துணி மூட்டையாகப் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். களைத்த முகம் வண்டியைக் கண்டதும் மலர்ந்தது.

"அப்பா! கொண்டாந்துட்டீங்களா!"

அத்தான் இறங்கி ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறும்மா, ஏறு. தலை பத்திரம், கதவுல இடிச்சுக்காதே."

பாப்பா ஒரு காலைத் தூக்கி வண்டியின் படியில் வைத்தாள்.

"ஏறாதே பாப்பா," என்றான் மீட்டர்.

"ஏன் மாமா? மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"மச்சான்," என்றார் அத்தான், மெதுவாக.

"வண்டியில ஒரு குறையும் இல்ல," என்றான் மீட்டர். "உங்க அப்பாவுக்குத்தான் உடம்பு சரியில்ல. முழிச்சுக்கிட்டே இருக்கறப்போ நினைவு போயிடுது. நேத்து ஏரிக்கரையில நானும் இவரும் தண்ணிக்குள்ள போயிருக்கணும். ஒரு கல்லு இருந்துச்சு, தப்பிச்சோம். டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொல்லி நாளாச்சு. இவர் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டார், நானும் சரின்னுட்டேன். என்னால முடியலம்மா. அவர் ஓட்டினா நீ ஏறாதே."

வாசலில் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் கதவைப் பிடித்தபடியே நின்றார். மறுத்து ஏதாவது சொல்வார், கத்துவார் என்று மீட்டர் காத்திருந்தான். அவர் அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அக்கா தலையை ஆட்டினாள், கண் நிறைந்து வழிந்தது. பாப்பா அழவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து, அங்கே தெரிந்ததை எப்படியாவது ஆற்ற வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அதனால என்னப்பா?" என்றாள். "மாமா ஓட்டட்டும். நீங்க என் பக்கத்துல உட்காருங்க. ஏறி உட்காருங்க முதல்ல. உட்கார்ந்துட்டா உங்க பேரனை நான் உங்க மடியிலயே விட்டுடறேன். வீடு வரைக்கும் நீங்களே வச்சுக்கிட்டு வாங்க. இந்தாங்க."

துணி மூட்டையை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள். உள்ளே ஒரு சின்ன வாய் கொட்டாவி விட்டது.

அத்தானின் கைகள் தாமாகவே எழுந்தன. பிள்ளையைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றன. அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓரடி பின்னுக்கு நகர்ந்து, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் பாப்பா," என்றார். "என் கையில குடுக்காதே."

"அப்பா..."

"அம்மாகிட்ட குடு. நான் எப்போ இல்லாமப் போவேன்னு எனக்கே தெரியலம்மா."